வாய் மாடு

நீ பார்க்கவே இல்லை. மற்ற கதையெல்லாம் அப்புறம், முதலில் இதற்குப் பதில் சொல். பிரசவ வார்டில் மூன்றாம் நாள் காலையில் பதினோராம் நம்பர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாய், போர்வையைத் தூக்கவில்லை, படுத்திருந்தவளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, பத்தாம் நம்பருக்கும் பன்னிரண்டாம் நம்பருக்கும் எழுதின அதே வரியை, 'தையல் நலம், வீட்டுக்குப் போகலாம்' என்று கிறுக்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்துவிட்டாய். சந்தையில் ஒரு கன்றுக்குட்டி வாங்குகிறவன்கூட வாலைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் விலை கேட்பான். நீ பார்க்கவில்லை. உன் பெயரைச் சொல்லி ஊர் நடுவில் நிறுத்தப் போவதில்லை. அது நீதான் என்று உனக்கே தெரியும். நீ பார்க்காமல் எழுதினதால் ஈச்சங்காட்டுப்புதூரில் ஒரு செவலை மாடு பேச ஆரம்பித்தது. நின்று கேட்டுவிட்டுப் போ.

பதினோராம் நம்பரில் கிடந்தவள் செங்கமலம். பதின்மூன்று வயதில் வியாழக்கிழமைச் சந்தைக்குத் தலைக்கயிறும் மூக்கணாங்கயிறும் விற்க வந்தவள், கயிறு விற்ற இடத்தில் நின்றபடியே பல்லைப் பிடித்து வயசு சொல்லவும் நடையைப் பார்த்து நோவு சொல்லவும் கற்றுக்கொண்டவள். சென்னியப்பத் தரகர் துரத்தத் துரத்தத் திரும்பத் திரும்ப வந்து நின்று, இருபத்திரண்டாம் வயதில் தோளில் சொந்தத் துண்டு போட்டுக்கொண்டு, அந்தச் சந்தையின் ஒரே பெண் தரகரானவள். அங்கே விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் சேர்ந்துகொள்ளும்; ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கை முழுவதையும் பிடித்தால் ஐந்து, விரல்களை மூடிவிட்டால் ஒன்றுமில்லை, வேண்டாமென்றால் பிடித்த விரலை ஒரு திருகு. சுற்றி நூறு பேர் நின்றாலும் உள்ளே நடப்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும். பொம்பளை கையைப் பிடித்து விலை பேசுவதா என்று தயங்கினவர்களிடம் அவள், "கை புடிக்க வெக்கமா இருந்தா மாடு புடிக்க எதுக்குங்க வந்தீங்க, ஊட்டுல போயிக் கோழி புடிங்க" என்று சந்தை முழுக்கக் கேட்கக் கத்துவாள். அப்படியொரு குரல் அவளுக்கு. அடிவயிற்றிலிருந்து வரும்.

துண்டுக்குள் அவளிடம் மூன்று வியாழக்கிழமை தோற்றுவிட்டு, நாலாம் வியாழக்கிழமை விலையே கேட்காமல் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவன் குமரேசன். நூல் மில்லில் ராத்திரி ஷிப்டு. காலையில் எட்டு மணிக்கு வண்டி வந்து நிற்கும். பஞ்சு ஒட்டின தலையோடு உள்ளே வருவான். கல்யாணமான இரண்டு வருசமும் அந்த எட்டு மணிக்காக அவள் காத்திருந்தாள் என்பதைச் சொல்வதில் என்ன வெட்கம்? ஆசை அவனுக்கு மட்டுமா இருந்தது? அவளுக்கும் இருந்தது, அவனைவிட எச்சாகவே இருந்தது. அதைத்தான் நீ சேர்த்து வைத்துத் தைத்துவிட்டாய்.

வீட்டுக்கு வந்தபின் உட்கார முடியவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார்ந்தாள். ஒன்றுக்குப் போனால் எரிந்தது, எரியுமென்று பயந்து தண்ணீர் குடிக்காமல் கிடந்தாள். தையல் விழுந்த இடத்தில் விரல் பட்டால் புளியங்கொட்டை மாதிரி ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது, அதற்கப்புறம் அவள் விரல் அந்தப் பக்கமே போகவில்லை. நாற்பத்தைந்தாம் நாள் சந்தைக்குப் போனாள். வைக்கோல் தூசியில் ஒரு தும்மல் வந்தது, பாவாடை நனைந்தது. அன்றையிலிருந்து கருஞ்சேலை மட்டும் கட்டினாள், உள்ளே பழந்துணியை மடித்து வைத்தாள், சந்தை நடுவில் நின்றவள் ஓரத்து வேலிப்பக்கம் ஒதுங்கினாள். அடிவயிற்றை எக்கிக் கத்தினால் நனையும் என்பதால் கத்துவதையும் விட்டாள். சென்னியப்பன் சிரித்துக்கொண்டே, "ஏனம்மிணி, கொழந்தையோட தொண்டையவும் பெத்துப் போட்டுட்டு வந்துட்டியா?" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாதது அந்தச் சந்தையில் அதுதான் முதல் தடவை.

மாமியார் பாவாயம்மாளிடம் ஒருநாள் வாயைத் திறந்தாள். "அத்தை, தைச்ச எடத்துல இன்னும் வலிக்குதுங்க." பாவாயம்மாள் கெட்டவள் அல்ல, பேத்தியைக் காலில் போட்டுத் தண்ணீர் வார்த்தபடியே, "பெத்தவளுக்கெல்லாம் இருக்கறதுதான் கண்ணு, எனக்கும் இருந்துது, ஆருகிட்டப் போயிச் சொன்னேன்?" என்றாள். சொல்லாமல் இருந்ததை ஒரு சொத்து மாதிரி மருமகள் கையில் கொடுத்தாள். குமரேசன் கேட்டபோதெல்லாம் செங்கமலத்தின் நாக்கு தானாகவே, "ஒண்ணுமில்லீங்க" என்றது.

மூன்றாம் மாசத்தில் ஒரு காலை, பிள்ளை தூங்கிக்கொண்டிருக்க, கதவைச் சாத்தினது அவள்தான். அவனா கேட்டான்? இல்லை. அவளுக்கே வேண்டியிருந்தது, சந்தையில் ஓரமாக நிற்கிறவளாக இல்லாமல் பழைய செங்கமலமாக ஒரு மணி நேரம் இருக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த ஆசை எங்கே போனதென்றே தெரியவில்லை. யாரோ பழைய தையலைப் பிரித்துப் புதுத்தையல் போடுவது போலிருந்தது. அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தாள். அப்போதுதான் கட்டுத்தறியில் செவலை மாடு தலையைத் தூக்கி, தெரு முழுக்கக் கேட்கும்படி, மனுசக் குரலில், "வலிக்குதுங்க. போதுமுங்க" என்றது.

பாவாயம்மாள் மாட்டுக் கொட்டத்துக்கு ஓடினாள். "ஏண்டா குமரேசா, மாடு என்னமோ சொல்லுதுடா!"

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்தான். "என்னம்மா சொல்லுச்சு?"

"வலிக்குதாமா. போதுமாமா." கிழவி மாட்டின் கழுத்தைத் தடவினாள். "ஆனா ஒண்ணு, 'ங்க' போட்டுத்தான்டா பேசுது. மாடுன்னாலும் நம்மூட்டு மாடு."

மாட்டு டாக்டர் வந்தார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார், உறை மாட்டினார், வாலைத் தூக்கிப் பார்த்தார், கன்று ஈன்று எத்தனை நாளாயிற்று, நஞ்சுக்கொடி முழுசாக விழுந்ததா, தீனி எடுக்கிறதா, ஒன்றுக்குப் போகும்போது முதுகை வளைக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அரை மணி நேரம் பார்த்தார். மாட்டை. கதவோரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றிருந்த செங்கமலம் அந்த அரை மணி நேரமும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். "மடிநோவு இல்ல, வயித்துப் பொருமல் இல்ல, உள்ள புண்ணுகிண்ணு எதுவும் இல்ல. பேச்சுக்கு ஊசி எங்ககிட்ட இல்லீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பினார்.

மறுபடி மூன்று நாள் கழித்துப் பேசியது. அப்புறம் ஐந்தாம் நாள். எதிர்வீட்டுத் தங்கமணிக்கு ஐம்பது வயசு இருக்கும், புருசன் செத்து நாலு வருசமாகிறது, ஒரே மகன், ஒரே எருமை. வாசலில் உட்கார்ந்தே ஊரைக் கணக்குப் பார்க்கிறவள். எட்டு மணிக்கு வண்டி வருகிறது, எட்டேகாலுக்குக் கதவு சாத்துகிறது, எட்டரைக்கு மாடு பேசுகிறது. அவளுக்கு விளங்கிவிட்டது. பால் சொசைட்டி வரிசையில் கேனை இறக்கி வைத்துவிட்டு மெதுவாக, "அது மாட்டோட வலி இல்லீங்க" என்றாள். வரிசையில் இருந்த எந்தப் பெண்ணும் 'பின்னே யாருடையது' என்று கேட்கவில்லை. ஒருத்தி கேனின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். இன்னொருத்தி தன் கால்விரலைப் பார்த்தாள். மறுநாள் தெற்கு வீதியில் ஒரு மாடு பேசியது; அந்த வாரக் கடைசிக்குள் ஆறு மாடு; மாசம் முடிவதற்குள் பதினாலு மாடு. பதினாலு வீட்டுப் பெண்களில் எட்டுப் பேர் உன் வார்டில் படுத்து எழுந்து வந்தவர்கள். மற்றவர்கள் உனக்கு முந்தி அங்கே நின்ற உன்னைப் போன்றவர்களிடம் போனவர்கள்.

ஒரு ஊர் எதற்கும் பழகிவிடும் என்பதை அந்த ஊர் நிரூபித்தது. முதல் வாரம் ஆச்சரியப்பட்டார்கள், இரண்டாம் வாரம் சிரித்தார்கள், மூன்றாம் வாரம் வேலையைப் பார்த்தார்கள். பால் சொசைட்டிச் செயலாளர் பேசுகிற மாட்டின் பாலைத் தனிக் கேனில் ஊற்றுவதா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். கொழுப்பும் சத்தும் சரியாக இருந்தால் சேர்த்தே ஊற்றலாம் என்று பதில் வந்தது, சேர்த்தே ஊற்றினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது அகப்பட்டவர்கள் "வலிக்குதுங்க, போதுமுங்க" என்று கத்த வேண்டும் என்று புது விதி வைத்துக்கொண்டார்கள். டீக்கடையில், "நேத்து உங்கூட்டு மாடு ரொம்ப நேரம் பேசுச்சாமா?" என்று ஒருவன் கேட்க, "பேசட்டும், உங்கூட்டு மாடு ஊமையா இருக்கறதுக்கு என்ன காரணம்னு ஊருக்கே தெரியுமே" என்று மற்றவன் திருப்பிக் கொடுக்க, எல்லாரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். கோயில் கமிட்டியார் மாடு பேசுகிற நேரத்துக்கெல்லாம் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டுப் போட ஏற்பாடு செய்தார்கள். மாடுகள் பாட்டுக்கு மேலே பேசின. டிராக்டர் ஓட்டுகிற ஒருவன், நல்லவன், மனசு கேளாமல் கொட்டத்துக்குப் போய் மாட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "எங்க வலிக்குது? எத்தனை நாளா வலிக்குது? நான் என்ன பண்ணோணும், சொல்லு" என்று கெஞ்சினான். பெண்டாட்டி பத்தடி தூரத்தில் சாணி வழித்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பி அவளிடம் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை.

அந்தப் பதினாலில் ஒன்று தங்கமணியின் எருமை; அது ஒரு மத்தியானம் வாயைத் திறந்தது. தொடுவதற்கு ஆளில்லாத வீடு. "இருபத்திரண்டு வருசமாச்சுங்க" என்றது, வேறொன்றும் சொல்லவில்லை. அவள் மகனுக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. டீக்கடையில் அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்து, பாதியிலேயே அடங்கிவிட்டது.

செங்கமலம் உன்னிடம் வந்தாள். அதையும் மறந்திருப்பாய். மூன்று பஸ் மாறி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நாலு மணி நேரம் வரிசையில் நின்று, உன் மேசைக்கு முன்னால் வந்தபோது உன் கையில் டீ இருந்தது. அவள் சந்தைக்காரி, கேட்க வேண்டியதைப் பஸ்ஸிலேயே அடுக்கி வைத்திருந்தாள். "தையல் போட்ட எடம் கட்டியா இருக்குதுங்க. அஞ்சு நிமிசம் பாத்துட்டீங்கன்னா போதும்." நீ அவள் கொடுத்த பழைய சீட்டைப் புரட்டி, நீயே எழுதினதை நீயே படித்து, "ஆறிடுச்சுன்னு எழுதியிருக்குதேம்மா" என்றாய். "எழுதியிருக்குதுங்க, வலிக்குதுங்களே." "கொழந்தை பெத்தா கொஞ்சம் முன்னப் பின்னத்தான் இருக்கும். ஊட்டுக்காரரை அனுசரிச்சு நடந்துக்க. அடுத்தது யாரும்மா?" அவள் இறங்கி வந்தாள், "அஞ்சு வேண்டாமுங்க, ரெண்டு நிமிசம்" என்று கேட்டாள். நீ மணியை அடித்தாய். சந்தையில் எதிராளி எவ்வளவு முறுக்கினாலும் கையையாவது நீட்டுவான். நீ கையே நீட்டவில்லை, அவள் எதைப் பிடித்துப் பேரம் பேசுவது? அவள் ஒன்றும் கிடைக்காமல் எழுந்துபோன பேரம் அது ஒன்றுதான்.

அதற்குள் சந்தையிலும் செய்தி பரவிவிட்டது. ஈச்சங்காட்டுப்புதூர் மாட்டுக்கு 'வாய் மாடு' என்று பெயர் வந்தது. துண்டுக்குள் விலை பேசும்போது சுண்டுவிரலை உள்ளங்கைக்குள் மடித்து அழுத்தினால் வாய் மாடு, ஜாக்கிரதை என்று அர்த்தம். தெரியாமல் வாங்கிப்போன வெளியூர்க்காரர்கள் ஒரே வாரத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். எட்டு மைல் தள்ளி, அறுபது மைல் தள்ளிக் கட்டினாலும், மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனாலும், இங்கே அந்த வீட்டுப் பெண் சேலைத் தலைப்பைக் கடிக்கிற அதே நிமிசத்தில் அங்கே அது இந்த ஊர்ப் பேச்சிலேயே பேசியது. கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டு ஆண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஏர் ஓட்டும்போது பயிரில் வாய் வைக்காதபடி மாட்டுக்குக் கட்டுகிற கயிற்று வாய்க்கூடு இருக்கிறதல்லவா, அதை அழுத்திப் பின்னி, பதினாலு மாட்டுக்கும் கட்டிவிட்டார்கள். தீனி வைக்கும்போது மட்டும் அவிழ்ப்பது. ஊர் அமைதியானது. "இத மொதல்லயே பண்ணியிருக்கோணும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வாய்க்கூட்டின் கயிறு உரசி மாடுகளின் மூக்குத்தண்டில் புண் வந்தது. அந்தப் பதினாலு பெண்களும் அந்த வாரம் காலையில் எழுந்தபோது மேலுதட்டில் அதே போல் கன்றிப்போயிருந்தது. பனி வெடிப்பு என்று சொல்லித் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டார்கள்.

கூட்டத்தில் இன்னொன்றும் முடிவானது. வாய்க்கூடு எத்தனை நாளைக்கு? வருகிற வியாழக்கிழமை கறிக்கு வாங்குகிற லாரி வருகிறது, மனசிருக்கிறவர்கள் ஏற்றிவிடலாம். பாவாயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏத்தியுடு சாமி. இந்த மாடு இருக்கறவரைக்கும் நம்ம ஊட்டு மானம் வாசல்லயே நிக்குது" என்று மகனிடம் சொன்னாள். குமரேசன் தலையாட்டினான். செங்கமலம் உள்ளேயிருந்து கேட்டாள். அந்த மாடு போய்விட்டால் தனக்காகப் 'போதும்' என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரு வாயும் இல்லை. அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. குமரேசனிடம் சொல்ல எழுந்தாள். அவன், "என்ன?" என்றான். நாக்கு வழக்கம்போல், "ஒண்ணுமில்லீங்க" என்றது.

வியாழக்கிழமை காலை செவலையை அவன் ஓட்டிக்கொண்டு போனான். அவள் பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, பெட்டியிலிருந்து தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். லாரிப் பக்கத்தில் சென்னியப்பன் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். அவள் நடுவில் வந்து நின்றாள்.

"இந்த மாட்டுக்குத் தரகு நாந்தானுங்க."

"உங்கூட்டு மாட்டுக்கு நீயே தரகா? சரி, வாங்கறது ஆரு?"

"நாந்தான். விக்கறவரு அவுரு."

கூட்டம் சிரித்தது. "புருசங்கிட்டயே மாடு வாங்கறாடா!" அவள் சிரிக்கவில்லை. குமரேசனுக்கு எதிரே, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள், அவன் கையை இழுத்துத் தன் கைமேல் வைத்து, துண்டைப் போட்டு மூடினாள். துண்டு விழுந்த பிறகு பதில் சொல்லாமல் கையை எடுத்தவனிடம் அந்தச் சந்தையில் யாரும் மறுபடி வியாபாரம் பேச மாட்டார்கள். குமரேசன் மாட்டுக்காரன் வீட்டுப் பிள்ளை, அவனுக்குத் தெரியும், கையை எடுக்கவில்லை. வீட்டில் எழாத நாக்கு அங்கே எழுந்தது; ஆனால் வாயால் ஒவ்வொரு சொல்தான் சொன்னாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி, மற்றதை விரல் சொன்னது.

"தையல்" என்றாள். அவன் கை முழுவதையும் ஒருமுறை பிடித்தாள், பிறகு இரண்டு விரல். ஏழு.

"மாசம்." கை முழுவதும். ஐந்து.

"வலியில்லாத நாளு." அவன் விரல்களை எல்லாம் மூடினாள்.

"மாடு சொன்னது." கை முழுவதும், கை முழுவதும், கை முழுவதும், கை முழுவதும், அப்புறம் மூன்று விரல். இருபத்து மூன்று தடவை.

"நீங்க என்னையக் கேட்டது."

மறுபடி அவன் விரல்களை எல்லாம் மூடினாள், திறக்கவேயில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

சுற்றிலும் மாடுகள் மூத்திரம் பெய்கிற சத்தமும் லாரியின் உறுமலும் கேட்டன. அவன் எதிரில் தொங்கிக்கொண்டிருந்த மாட்டின் தலையைப் பார்த்தான், வாய்க்கூட்டின் வழியாகத் தெரிந்த நாக்கைப் பார்த்தான், பிறகு முதன்முதலாக அவள் உதட்டின் மேல் கன்றியிருந்த கோட்டைப் பார்த்தான். துண்டுக்குள் அவன் கை தயங்கித் தயங்கி அவளுடைய ஒரு விரலைப் பிடித்தது. ஒரு மாசம் தொடமாட்டேன் என்கிறான். அவள் திருகினாள். இரண்டு விரல். திருகினாள். மூன்று. அவள் கையை அசைக்காமல், "இது எண்ணி முடியற கணக்கு இல்லீங்க" என்றாள். "நான் சொல்றவரைக்கும்."

"அத எப்பிடிடீ துண்டுக்குள்ள காட்டறது?"

காட்ட வழி இருந்தது. அவனுக்கே தெரியும். நீ வைக்கிறதுதான் விலை என்று சொல்ல, கையை மல்லாத்தி எதிராளி கைக்குள் அப்படியே விட்டுவிடுவார்கள். ஆயுசில் ஒருமுறை செய்தாலே பெரிது. அவன் மல்லாத்தினான்.

"எனக்குத் தெரியாது கமலம்."

"மாடு சொல்லுச்சே."

"மாடுதானே சொல்லுச்சுன்னு இருந்துட்டேன்" என்றான்.

சென்னியப்பன் குனிந்து, "என்ன வெலைக்கு முடிஞ்சுது?" என்று கேட்டார். குமரேசன் எழுந்து செவலையின் வாய்க்கூட்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு, மாட்டை வீட்டுப் பக்கமாகத் திருப்பினான். அவர்கள் திரும்பின பிறகு லாரி புறப்பட்டது. அதில் மூன்று மாடுகளும் தங்கமணியின் எருமையும் இருந்தன. எருமையை ஏற்றியவன் அவள் மகன்.

அந்தச் சனிக்கிழமை அந்த நாலு வீட்டுப் பெண்களுக்கும் பேச்சு நின்றுவிட்டது. காய்ச்சலில்லை, தொண்டைப் புண்ணில்லை, வாயைத் திறக்கிறார்கள், ஒன்றும் வருவதில்லை. "ஒண்ணுமில்லீங்க" கூட வருவதில்லை. தங்கமணி பால் ஊற்ற எருமையில்லாவிட்டாலும் காலையில் சொசைட்டி வரிசையில் வந்து நிற்கிறாள். செயலாளர் ஒருநாள், "என்ன வேணுமுங்கக்கா?" என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், அடுத்தவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றாள். ஊர் இதற்கும் பழகிவிட்டது. மற்ற ஒன்பது மாடுகளும் வாய்க்கூட்டோடுதான் நிற்கின்றன.

செங்கமலத்தின் வீட்டில் இப்போது சத்தமில்லை. குமரேசன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான், வாசல் கட்டிலில் படுத்துக்கொள்கிறான், பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொள்கிறான், தினமும் ஒரு தடவை, "இன்னைக்கு எப்பிடி இருக்குது?" என்று பெண்டாட்டியிடமே கேட்கிறான். அவளும் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறாள். செவலை அசைபோட்டபடி நிற்கிறது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதிவிட்டுப் போக உனக்குக் கை அரிக்கும். அப்படி முடியவில்லை. தும்மினால் இன்னும் நனைகிறது. இன்னும் ஒரு பக்கமாகத்தான் உட்காருகிறாள். போன வாரம் ஒரு காலை எட்டு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டபோது, செத்துப்போனதென்று நினைத்திருந்த அந்த ஆசை மெல்ல எழுந்து உட்கார்ந்தது. அதற்கு அவள் சந்தோசப்படுவதற்குள் பயம் வந்து அதன் கழுத்தைப் பிடித்தது. கதவைச் சாத்திக்கொண்டு, முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துக் காலுக்கிடையில் பிடித்தாள். எத்தனை ஆயிரம் மாட்டைப் பார்த்துச் சொன்ன கண் அது. தன்னைப் பார்க்கத் தைரியம் வராமல் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அங்கே என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. அவள் புருசனுக்குத் தெரியாது. தைத்த உனக்கும் தெரியாது.

கன்றுக்கு ஊசி போட வந்த மாட்டு டாக்டரிடம் அவள் துணிந்து கேட்டுவிட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இதெல்லாம் சரி பண்ணக் கூடியதுதாம்மா. தப்பா ஆறுன தையலைப் பிரிச்சு மறுபடி ஒழுங்காப் போடலாம், தளர்ந்த சதைக்குப் பயிற்சி சொல்லிக் குடுப்பாங்க. நாங்க மாட்டுக்கே பாக்கறோம், உங்களுக்குப் பாக்கமாட்டாங்களா?" என்றார். சரி பண்ணக் கூடியது! இத்தனை மாசமும் இது சரி பண்ணக் கூடியதாகவே இருந்திருக்கிறது!

அவள் பேச வேண்டிய இடத்திலெல்லாம் பேசிவிட்டாள். மாமியாரிடம் பேசினாள், புருசனிடம் நூறு பேர் நடுவில் உட்கார்ந்து பேசினாள், தன் நாக்கோடு மல்லுக்கட்டினாள். அவர்கள் கொடுக்கக் கூடியதைக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது உன்னிடம் இருக்கிறது, அதை வேறு யாராலும் கொடுக்க முடியாது. அதனால் இனிமேல் அவள் மூன்று பஸ் மாறி வரமாட்டாள். நீ வா. ஈச்சங்காட்டுப்புதூருக்குப் பஸ் இருக்கிறது, உன் காருக்கு ரோடும் இருக்கிறது. முதலில் தங்கமணி வீட்டுக்குப் போ, அவளால் சொல்ல முடியாது, நீதான் கேட்டுக் கேட்டுத் தலையசைப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்; அப்புறம் மற்ற வீடுகளுக்குப் போ, ஒன்று விடாமல் போ; கடைசியில் செங்கமலத்திடம் வா. கதவைச் சாத்து. முழங்கை வரைக்கும் கையைக் கழுவு. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, எங்கே வலிக்கிறது என்று கேள். அவள் சொல்லி முடிக்க நேரமாகும், அதுவரைக்கும் எழுந்திருக்காதே.